பெட்டிக்குள் சொன்ன பல்லி

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடைசியாகப் பத்துவரி சேர்த்து எழுதியது என் மகள் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் கேட்டபோதுதான். இப்போது அவளே நோட்டு வாங்கிக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுது என்கிறாள். முன்னால் நடந்தது பின்னால் வரலாம். சிலது மறந்தும் போயிற்று. படிக்கிறவர்கள் தப்பாக நினைக்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எடைமேடையில் வேலை பார்த்தவர். லாரி வந்து மேடையில் ஏறும். இவர் எடையைப் பார்த்துச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார். ஆள் வராத நாளில் இவரே எழுதுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. தினமும் ஒரு பக்கம் எழுதாமல் காபி இறங்காது. இன்றைக்கு மழை இல்லை, இத்தனை லாரி போயிற்று, இன்னார் செத்துப்போனார், வேப்பமரம் முழுக்க வெள்ளைத் தூசி. இப்படித்தான் இருக்கும் அந்தப் பக்கம்.

சர்க்கரை வியாதியில் கண் மங்கியதும் எழுத முடியவில்லை. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். என் மகள் பெரம்பலூரில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளராக இருக்கிறாள். அங்கே கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, சாக்குப்பையில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்து அப்பாவுக்கு வைத்துக் கொடுத்தாள். ஒரு மைக்கும் வைத்தாள். "நீங்க எழுத வேணாம்ப்பா. பேசுங்க. அது புடிச்சு வெச்சிக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து தினம் காலையில் அந்த அறையில் பேச்சு கேட்கும். "ம்... எழுதிக்க" என்றுதான் ஆரம்பிப்பார். எடைமேடையில் பக்கத்து ஆளிடம் சொல்கிற மாதிரி. நான் அடுப்பங்கரையில் இருப்பேன். அவர் பேசும்போது உள்ளே போக மாட்டேன். யாரோ வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார் போல எனக்குக் கூச்சமாக இருக்கும்.

மாசியில் ஒரு நாள் சாப்பிட்ட பிறகு அந்த நாற்காலியிலேயே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் வைத்திருந்தது பட்டன் போன். அதில் ஒன்றும் கிடையாது. கல்யாண வீடியோ எதிலும் வாய் திறக்கமாட்டார். கேமரா வந்தால் பந்திப் பக்கம் போய்விடுவார். ஆகவே அவர் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான். அதைத்தான் நாங்கள் இழக்கப் பார்த்தோம்.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போன மறுநாள், உச்சிப்பொழுதில் கரண்ட் போயிற்று. நான் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. வந்த உடனே அந்த அறையில் 'பீப்' என்று ஒரு சத்தம். அப்புறம் உஸ்ஸென்று காற்று. எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தானாக எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியின் முதுகில் நீல வெளிச்சம் விழுந்திருந்தது. அவர் துண்டு அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில், ரோட்டில் லாரி போகிறது, எனக்கு மட்டும் உள்ளங்கால் ஜில்லிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கரண்ட் போய் வந்தால் அது விழித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் திரை இருட்டாகிவிடும். ஆனால் பெட்டி மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். சுவிட்ச் நாற்காலிக்குப் பின்னால் சுவரோரம் இருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குனிய வேண்டும். அந்த நாற்காலியைத் தள்ள எனக்குக் கை வரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால், காரியத்தில் என்ன குறை வைத்தாள் என்றுதானே கேட்பார்கள். மகளிடம் சொல்லலாம் என்று போனை எடுப்பேன். சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

அமாவாசை வந்தது. வாசலில் வைப்பதற்காக எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவினேன். ஒரு பாதியை வாசலுக்கு வைத்தேன். இன்னொரு பாதியை, என்ன தோன்றியதோ, அந்தப் பெட்டியின்மேல் கவிழ்த்து வைத்தேன். பெட்டி மேஜைக்கு அடியில் படுத்த வாக்கில் இருந்தது. மேல்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை. சாறு இறங்குமே என்று எனக்கு உறைக்கவில்லை. பழம் வைக்கிற போது வாய்விட்டுச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

ஒரு வருஷம், ஒவ்வொரு அமாவாசைக்கும் வைத்தேன். பழையதை எடுத்து முச்சந்தியில் போட்டுவிடுவேன். மகள் வருவதாகச் சொன்னால் முதல் நாளே எடுத்துவிட்டுத் துடைத்துவிடுவேன்.

அப்புறம் ஒரு நாள் கரண்ட் வந்தபோது நீல வெளிச்சம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக நாலு வரி இங்கிலீஷ், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் எனக்கு மனசு லேசாயிற்று. சாயங்காலம் விளக்கேற்றும்போதுதான் சுருக்கென்றது. அவர் குரல்?

மகளுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்துவிட்டாள். கையில் ஒரு பென்டிரைவ்.

"விண்டோஸ் போயிடுச்சும்மா. ஒன்னும் கவலப்படாத. அதுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுட்டா ஓடும். லேப்ல இது மாதிரி முப்பது போட்டிருக்கேன்."

"அப்பா பேசினது?"

"டிஸ்க்க ரெண்டு பாகமா பிரிச்சு வெச்சிருக்கேன். மொதப் பாகம் மெஷின் ஓடறதுக்கு. ரெண்டாவது அப்பாவோடது. மொதப் பாகத்த மட்டும் அழிச்சிட்டு அதுல போடணும். மாத்தி அழுத்துனா போச்சு. அதனால என்கிட்ட பேச்சுக் குடுக்காத."

நான் முக்காலியில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டேன்.

அந்த பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் தற்காலிகமாக ஓடும் போல. திரை வந்தது. முதலில் அப்பாவின் பாகத்தைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடலாம் என்று பார்த்தாள். எடுக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நின்றுபோயிற்று. பழைய விண்டோஸ் சரியாக அணையாமல் பூட்டிக்கொண்டிருக்கும், புதிதாகப் போட்டுவிட்டால் திறந்துகொள்ளும் என்று சொல்லி, லினக்ஸ் போடுகிற வேலையை ஆரம்பித்தாள்.

பாகம் பிரிக்கிற பக்கம் வந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அது புரிந்தது. நீளமாக ஒரு பட்டை, அதில் இரண்டு நிறம். பச்சை மெஷினுக்கு, ஆரஞ்சு அவருக்கு. மகள் பச்சையை அழுத்தினாள். ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

டிக். டிக். டிக்.

பல்லி சொன்னது. நான் சுவரைப் பார்த்தேன். மகளும் பார்த்தாள். சுவரில் பல்லி இல்லை. சத்தம் மேஜைக்கு அடியிலிருந்து வந்தது, பெட்டிக்குள்ளிருந்து. அதோடு அந்தப் பக்கம் திரையிலிருந்து மறைந்துபோய், சின்னதாக ஒரு கட்டம் வந்து நின்றது.

"கிராஷ் ஆயிடுச்சு" என்றாள்.

மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை அந்தப் பக்கம் வந்தபோது பட்டையே இல்லை. வெறுமையாக இருந்தது.

"டிஸ்க்கே இல்லங்குது! இப்பதான இருந்துச்சு?" என்றாள். அவள் குரல் மாறியது எனக்குத் தெரிந்தது.

மறுபடியும் டிக் டிக் என்றது. பல்லி சொன்னால் விரலால் தட்டி, கிருஷ்ணா கிருஷ்ணா என்பது எங்கள் வழக்கம். எனக்குக் கை தானாகப் போயிற்று. மேஜையில் மூன்று தட்டுத் தட்டினேன்.

பட்டை வந்துவிட்டது. பச்சையும் ஆரஞ்சும்.

மகள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்னம்மா பண்ணுன?"

"ஒன்னும் பண்ணலடி. பல்லி சொல்லுச்சு, தட்டுனேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. பச்சையை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. டிக் டிக். கட்டம் வந்து நின்றது. பட்டை மறைந்தது. "இன்னொரு தடவ தட்டு" என்றாள் சின்னக் குரலில். தட்டினேன். வந்தது. அழுத்தினாள். போயிற்று. தட்டினேன். வந்தது.

நாலாவது தடவை நான் தட்ட மாட்டேன் என்றேன். அவர் வாசலில் நின்றுகொண்டு, நான் தட்டினால் உள்ளே வருவதும், தன் பாகத்தில் கை வைக்கிறார்கள் என்று தெரிந்ததும் வெளியே போவதுமாக இருக்கிறார் என்று பட்டது. அதை மகளிடம் சொல்லவில்லை. பகல் பதினோரு மணி. ரோட்டில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாரி போகும்போதும் வீடு லேசாக அதிர்ந்தது. பட்டை மறைவதும் தெரிவதுமாக இருந்தது.

மகள் காலேஜில் தனக்கு மேலே இருக்கிற சாருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் சிரித்தார்.

"தட்டுனா வருதா? உங்க அம்மாவ நம்ம லேபுக்கு அனுப்பிவிடு, சர்வீஸ் செலவு மிச்சம்."

"சார், நான் பயந்து போயி கெடக்கறேன், நீங்க வேற."

"பயம் எதுக்கு? கருப்பு ஸ்கிரீனத் தெறந்து அது என்ன பொலம்புதுன்னு பாரு. டிஸ்க்கு வுட்டு வுட்டுப் போவுதுன்னு எழுதியிருக்கும் பாரு. படிக்கறப்ப சமாளிக்கும், எழுதறப்ப உழுந்துரும். அதான் பாகம் பிரிக்கறப்பவே சாவுது. கேபிள்ல கோளாறு. பெட்டியத் தெற. அதுக்கு முன்னாடி இன்னொரு தடவ அழுத்தித் தொலைக்காத. பாதி எழுதி நின்னா ரெண்டு பாகமும் போயிடும்."

அவள் ஏதோ தட்டெழுத்து அடித்தாள். ஒரே மாதிரி வரி, சிவப்பாக, கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது. பார்த்துவிட்டுத் திருப்புளியை எடுத்தாள்.

"தெறக்காத" என்றேன்.

"ஏம்மா?"

"வேணாம். வுட்டுரு. குரல் போனா போவட்டும்."

"நல்லா இருக்கே. அன்னிக்குப் போன்ல அழுதது யாரு?"

அவள் குனிந்து பெட்டியை இழுத்தாள். நான் அடுப்பங்கரைக்குப் போய் நின்றுகொண்டேன். நாலு திருகாணி கழலும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா, இங்க வா."

போனேன். கேபிளின் தலைமாட்டில் சிவப்பாகப் பக்குக் கட்டியிருந்தது. அது டிஸ்க்கில் சேருகிற இடத்தில் பச்சையாகக் களிம்பு. பக்கத்தில் ஒரு எலுமிச்சை விதை ஒட்டிக்கொண்டிருந்தது. மகளின் முகம் வெளுத்திருந்தது.

"யாரோ வெச்சிருக்காங்கம்மா. செய்வினை. குங்குமம், எலுமிச்சம்பழம், அதுவும் அப்பா பெட்டிக்குள்ள. யாரு வருவா இங்க? பெரியம்மாதான் வரும்."

பெரியம்மா என்று அவள் சொன்னது பக்கத்து வீட்டில் இருக்கும் என் ஓரகத்தியை. வரப்புத் தகராறில் இரண்டு வருஷம் பேசாமல் இருந்து, அவர் செத்த அன்றைக்குத்தான் வந்து என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டவள்.

"நேராப் போயிக் கேக்கறேன்" என்று மகள் எழுந்துவிட்டாள். நிலைப்படி வரைக்கும் போய்விட்டாள். ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான்டி வெச்சேன்."

"எத?"

"பழத்த. மாசாமாசம் வெச்சேன்."

"எதுக்கும்மா?"

சொன்னேன். கரண்ட் வந்தால் எரிந்தது, நீல வெளிச்சம், மூச்சு, எல்லாவற்றையும். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாவ வரக்கூடாதுன்னா வெச்ச?"

நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"கரண்ட் வந்தா தானா ஆன் ஆவற மாதிரி நான்தாம்மா வெச்சுக் குடுத்தேன். ஆன் பண்ற பட்டன் உள்ள போயி மாட்டிக்குது, அப்பாவால அமுக்க முடியலன்னு. நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

ஒரு வார்த்தைதான். ஒரு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு வெட்கம்.

அவள் கோபப்படவில்லை. என்னைப் பஞ்சும் கைக்குத் தடவுகிற சானிடைசரும் எடுத்து வரச் சொன்னாள். களிம்பு வந்த இடத்தைத் துடைத்துத் துடைத்து எடுத்தாள். சிடி போடுகிற பெட்டிக்குப் போகும் கேபிள் சும்மா இருந்தது. அதைக் கழற்றி டிஸ்க்குக்கு மாட்டினாள். நிமிர்த்தி வைத்து மறுபடி ஓட்டினாள். லாரி போயிற்று. வீடு அதிர்ந்தது. பட்டை அசையாமல் நின்றது. டிக் சத்தம் இல்லை.

இந்தத் தடவை அவள் உடனே லினக்ஸ் போடப் போகவில்லை. முதலில் அப்பாவின் பாகத்தைத் திறந்து கைப்பையில் இருந்த இன்னொரு பென்டிரைவுக்கு மாற்றினாள். பிறகுதான் பச்சையை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, ஒரு டிக் மார்க்கோடு நின்றது. அவ்வளவுதான். அத்தனை நேரம் எங்களை ஆட்டிவைத்தது, அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"இப்ப அப்பாவக் கேப்பமா?" என்று கடைசியில் இருந்த ஒன்றை அழுத்தினாள்.

காற்றாடி சத்தம் வந்தது. தூரத்தில் லாரி. காலடிச் சத்தம், கொலுசு இல்லாத கால். எதையோ வைக்கிற சத்தம். பிறகு என் குரல். அது என் குரல் என்று எனக்கே முதலில் தெரியவில்லை.

"போயிடுங்க. உங்களுக்கு நான் ஒரு குறையும் வெக்கலைங்க. எனக்குப் பயமா இருக்கு. வராதீங்க. போயிடுங்க."

மகள் கை அப்படியே நின்றது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

கரண்ட் வந்து மெஷின் விழித்தால் மைக்கும் தானாக விழித்துக்கொள்ளும். அப்படித்தான் அவருக்காக வைத்திருந்தாளாம். ஒரு வருஷமாக அது என் வீட்டைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நான் தண்ணீர் மொள்வது, மூக்கைச் சிந்துவது, தனியாகப் பேசிக்கொள்வது, எல்லாம் மணிக்கு ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. இடம் நிரம்பினால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும்படி இவள் செய்திருந்தாள். அப்பாவுக்கு அழிக்கத் தெரியாதே என்று. ஆக, என் வெறும் வீட்டுச் சத்தம் அவர் பேச்சை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தாள். அவர் போவதற்கு முந்தைய பதினொரு நாள் மட்டும் மிச்சம்.

"நீ பழம் வெச்சு இது கெட்டுப்போவலன்னா, இந்தப் பதினொன்னும் போயிருக்கும்மா" என்றாள். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா தெரியாது.

அந்தப் பதினொரு நாளையும் வரிசையாகக் கேட்டோம். மழை இல்லை. லாரி இத்தனை. கால் வீக்கம். ஒரு நாள், "இவளுக்கு இட்லி கல்லு மாதிரி வருது, சொன்னா மூஞ்சத் தூக்கிக்குவா, எழுதிக்க வேணாம்" என்று இருந்தது. மகள் சிரித்து அழுதாள்.

பன்னிரண்டாவதாக ஒன்று இருந்தது. அது அந்தப் பதினொன்றோடு சேர்ந்து இல்லை. என் சத்தங்களுக்கு நடுவே கிடந்தது. மகள் தேதியைப் படித்தாள். சித்திரை. அவர் போனது அதற்கு முந்தைய மாசி.

அதில் தண்ணீருக்குப் போர் போடுகிற லாரியின் இரைச்சல் பலமாகக் கேட்கிறது. காது அடைக்கிற இரைச்சல். அது நின்றதும் காற்றாடி. அப்புறம், மைக்குக்குப் பக்கத்தில், "ம்... எழுதிக்க."

அதற்குப் பிறகு அந்த மணி முடிகிற வரை ஒன்றும் இல்லை. நான் நாலு தடவை கேட்டேன். அவர் குரல்தான்.

பெட்டிக்குள் இருக்கிற கடிகாரத்தின் பேட்டரி செத்திருந்தால் தேதி கண்டபடி விழும், இது பழையதுதான் என்கிறாள் மகள். போர் லாரி எப்படி வந்தது என்றேன். ஓரகத்தி வீட்டில் இரண்டு தடவை போர் போட்டார்களாம். முதல் தடவை இவர் இருக்கும்போதே போட்டு வெறும் புகைதான் வந்ததாம். எனக்கு ஒரு தடவைதான் ஞாபகம். அவர் போன பிறகு, சித்திரை வெயிலில், தண்ணீர் வந்ததும் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார்கள். முதல் தடவை ஒன்று இருந்ததா? இருந்தால் எனக்கு எப்படி மறந்தது?

கேட்டுப் பார்த்தால் ஒரு நிமிஷ வேலை. சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஓரகத்தி இருக்கிறாள். எனக்குத்தான் போய்க் கேட்க வாய் வரவில்லை. மகள் இப்போது சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போகிறாள். நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பழம் வைப்பதை நிறுத்திவிட்டேன். போயிடுங்க என்று சொன்னவள் நான். அதற்குப் பிறகும் அவர் ஒரு தடவை வந்து உட்கார்ந்தாரா, வரவில்லையா என்று தெரியாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நான் எழுதியதில் பச்சை எது, ஆரஞ்சு எது, எத்தனை தடவை தட்டினேன் என்பதில் தப்பு இருக்கலாம். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்தினால் நல்லது. பேட்டரி செத்தால் மாசிக்கு முன்னால் பேசியது சித்திரையில் போய் விழுமா என்பதையும் சொல்லுங்கள். அதோடு, எங்கள் தெருப் பக்கம் வருகிறவர்கள் யாராவது ஓரகத்தியிடம், நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லாமல், முதல் போர் எந்த மாசம் போட்டார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.